பழைய டிவி பெட்டிக்கு ஒரு சேனல் போதும்

குமிழைத் திருப்பினேன். 2, 3, 4 என்று 12 வரைக்கும் ‘டக், டக்’ என்று விழுந்தது. எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான்: திரை முழுக்கக் கொதிக்கிற வெள்ளைப் புள்ளிகள், கூடவே ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல். பக்கத்தில் நின்ற அத்தை, “அவ்ளோதான், செத்துப்போச்சு, விட்டுரு” என்றார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷம் மூலையில் கிடந்த பெட்டியில் புள்ளி வருகிறது என்றால் பிக்சர் டியூபுக்கு உயிர் இருக்கிறது, ஸ்பீக்கர் கத்துகிறது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பரிமாறத்தான் ஆளில்லை.

தாத்தா வாங்கிய 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. மரக் கூடு, முன்னால் இழுத்து மூடும் கதவு. ரிமோட் கிடையாது. படத்தையும் ஒலியையும் நேராகக் கொடுக்க மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று இருக்கும் ஏ.வி. துளைகள் கிடையாது. மேல் எண் சேனல்களுக்கான யு.எச்.எஃப். கூடக் கிடையாது, 2 முதல் 12 வரைக்குமான வி.எச்.எஃப். மட்டும்தான். பின்பக்கம் ஆன்டெனா ஒயரை மாட்ட இரண்டு திருகாணி இருக்கும். வெளியுலகத்துக்கு அந்தப் பெட்டி திறந்து வைத்திருக்கும் வாசல் அந்த இரண்டு திருகாணி மட்டும்தான். இது மண்டையில் முதலிலேயே ஏறியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஆன்டெனாவை மாட்டினால் ஏன் படம் வராது என்று அத்தைக்கு விளக்கப்போய்த்தான் எனக்கே சரியாகப் புரிந்தது. அந்தக் கால அனலாக் ஒளிபரப்பில், படத்தில் எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்பது அலையின் வலுவாகவே வந்துசேரும். பெட்டி அதை அப்படியே வாங்கி, ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு விநாடிக்கு 25 படங்கள் என்று திரையில் வரைந்துவிடும். யோசிக்க எதுவும் இல்லை. டிஜிட்டலில் படம் முழுவதும் எண்களாகச் சுருக்கப்பட்டு, ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. அவிழ்க்கத் தெரிந்தால்தான் படம். தெரியாத பெட்டிக்கு அது வெறும் இரைச்சல். ஒவ்வொரு நாடாக அனலாக்கை மூடிவிட்டார்கள். நெதர்லாந்து 2006-லேயே மூடியது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் மாறின, ஜப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலை 24-இல், பிரிட்டன் 2012 அக்டோபர் 24-இல். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பெட்டிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. பழுதாகி இல்லை, கேட்கத் தெரிந்த மொழியில் பேச யாரும் இல்லாமல்.

அந்தப் புள்ளி மழையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு வாரம் போயிருந்தது. ஆர்வக்கோளாறில் நான் நேராகப் பிளக்கில் சொருகப் போனேன். நல்லவேளை, தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். பிக்சர் டியூப் காலத்து மனிதர். “தம்பி, கைய எடு மொதல்ல” என்றார் போனிலேயே. பல வருஷம் மின்சாரமே பார்க்காத எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) உள்ளுக்குள் வலுவிழந்து கிடக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜும் பாய்ந்தால் சூடாகி வெடிக்கலாம், கூடவே நாலு பாகத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் வந்து சீரிஸ் லைட் கட்டினார். பெட்டிக்குப் போகும் ஒரு ஒயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பு, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல சகுனம். பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது, உள்ளே இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். எங்கள் பல்பு மங்கியது. பிறகு அவர் மூன்று கண்டென்சர்களை மாற்றினார், சேனலைப் பிடிக்கும் டியூனரின் தொடுமுனைகளில் கிளீனர் அடித்துக் குமிழை இருபது தடவை முன்னும் பின்னும் திருக்கினார், டியூபுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரின் கால்களில் வளையமாக விரிசல் விட்டிருந்த ஈயத்தை மறுபடி உருக்கி ஒட்டினார்.

இந்த வேலையை நான் செய்யவில்லை, நீங்களும் பழக்கமில்லாமல் செய்யாதீர்கள். ஓடும்போது இந்த அளவுப் பெட்டியின் டியூபில் 15,000 வோல்ட் பக்கம் இருக்கும், கலர் பெட்டியில் 25,000 வரைக்கும் போகும். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடி தன்னுள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சரி, புள்ளி வந்துவிட்டது. இனி படம். வீட்டில் ஏற்கெனவே ஒரு செட் டாப் பாக்ஸ் சும்மா இருந்தது. அதன் பின்னால் ‘ஆர்.எஃப். அவுட்’ என்று எழுதிய துளையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அதிலிருந்து கேபிள் எடுத்துப் பெட்டியில் மாட்டி, 2-இலிருந்து 12 வரை திருப்பினால் மறுபடியும் அதே புள்ளி மழை. ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. விஷயம் என்னவென்றால், நிறைய பாக்ஸ்களில் அந்தத் துளை வெறும் வழிவிடும் துளை. ஆன்டெனாவிலிருந்து உள்ளே வந்த அதே டிஜிட்டல் அலையை, இன்னொரு பாக்ஸுக்குப் பகிர்ந்துகொள்வதற்காக அப்படியே வெளியே விடுகிறது. பாக்ஸ் பிரித்தெடுத்த படத்தைப் பழைய சேனலாக மாற்றித் தருகிற துளை சில பாக்ஸ்களில் உண்டு. அது உங்களுடையதில் இருந்தால் அதிர்ஷ்டம். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, பாக்ஸின் மெனுவில் அந்த வெளியீட்டுக்குச் சேனல் எண்ணைத் தேர்வு செய்ய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் பெரும்பாலும் வழிவிடும் துளைதான்.

அப்புறம் ஏ.வி. வழி. என் பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. ஒன்றும், ஹெட்போன் துளை மாதிரி 3.5 மில்லிமீட்டரில் ‘ஏ.வி.’ என்று ஒன்றும் இருந்தன. எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர் கிடைக்கும் என்று படித்து, ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். படமே இல்லை. கேபிளை மாற்றினேன், பாக்ஸை மாற்றினேன். கடைசியில் கன்வெர்ட்டரின் முகத்தை நிதானமாகப் படித்தால், ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ. என்று போட்டிருக்கிறது. அதே அளவு, அதே நிறம், அதே துளைகள். போகும் திசை மட்டும் வேறு. இவை ஒருவழிப் பாதைகள், தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது. வாங்கும்போது அம்புக்குறியை ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

கன்வெர்ட்டரை ஓரமாக வைத்துவிட்டு 3.5 மில்லிமீட்டர் துளைக்கே வந்தேன். ஒரு முனையில் கறுப்பு வளையங்கள் போட்ட ஹெட்போன் பின் ஒன்று, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. எப்போதோ வாங்கிய எதனுடனோ வந்த கேபிள் அது. மாட்டிப் பார்க்க வேறு வீட்டில் இருந்த ஒரு சின்ன டிவியில் சொருகினால் படம் இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் ‘ர்ர்ர்ர்’ என்று உறுமல். யோசித்துப் பார்த்தேன், உறுமுவது படமாக இருக்குமோ? சிவப்பு முனையைப் பிடுங்கி மஞ்சள் துளையில் சொருகினேன். படம் வந்துவிட்டது! இந்த நாலு தொடர்பு உள்ள பின்னில் எந்த வளையத்தில் வீடியோ, எந்த வளையத்தில் ஆடியோ என்பது எல்லாத் தயாரிப்பிலும் ஒரே மாதிரி இல்லை. எர்த் வளையம் ஒரே இடத்தில் இருந்தால், நிறத்தைப் பார்க்காமல் மாற்றி மாற்றிச் சொருகினாலே காரியம் ஆகிவிடும். எர்த்தே இடம் மாறியிருந்தால் வேறு கேபிள்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே புத்திசாலித்தனம் இது. ஆன்டெனா, பாக்ஸ், கேபிள், ஏ.வி.யைப் பழைய சேனலாக மாற்றும் மாடுலேட்டர், பெட்டி என்று ஒரு சங்கிலி இருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிவிட்டு ‘படம் வரவில்லையே’ என்று உட்கார்ந்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு கண்ணியையும் தனியாக, வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கருவியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக்ஸும் கேபிளும் சரி என்று சின்ன டிவி சொல்லிவிட்டது. இனி மிச்சம் இருப்பது ஏ.வி.யிலிருந்து அந்த இரண்டு திருகாணி வரைக்குமான தூரம்.

அந்தத் தூரத்துக்கு எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. பெட்டிக்குள்ளேயே ஒரு ஏ.வி. துளையைப் பொருத்திவிட்டால் என்ன? உள்ளே எங்கோ ஓரிடத்தில் வீடியோ தனியாகப் பிரிந்து ஓடத்தானே செய்கிறது? இரண்டு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது, படமும் துல்லியமாக இருக்கும். மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பின்மூடியைத் திறந்து, பெட்டியை ஓடவிட்டு, சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தார். டெஸ்டர் விளக்கு எரிந்தது.

“பாத்தியா? சேஸிஸே கரண்ட்ல நிக்குது.”

“பிளக்கைத் திருப்பிச் சொருகினா போயிடாதாண்ணே?”

“சில பெட்டியில போகும். இதுல நாலு டையோடு வச்சு பிரிட்ஜ் போட்டிருக்கான். எப்படிச் சொருகினாலும் எரியும், பாரு.” திருப்பிச் சொருகிக் காட்டினார். எரிந்தது.

அந்தக் காலத்தில் பல பெட்டிகளில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் மெயின் டிரான்ஸ்பார்மரே இருக்காது. கனமும் செலவும் குறையும் என்று, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேராகவே உள்ளே எடுத்துக்கொள்வார்கள். அப்போது உள்ளே ‘எர்த்’ மாதிரி தெரிகிற சட்டம் உண்மையில் மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். மரக் கூடும் பிளாஸ்டிக் குமிழும் அழகுக்கு மட்டும் வைத்தவை இல்லை, நம்மைக் காப்பதற்கும்தான். இப்படிப்பட்ட பெட்டியில் நேராக ஏ.வி. துளை வைத்தால், அந்தக் கேபிளின் மேலுறை வழியாக மின்சாரம் செட் டாப் பாக்ஸின் உடம்புக்கு வரும், அதிலிருந்து ஆன்டெனா கேபிளுக்கு, மாடியில் அதைத் தொடுகிற கைக்கு. குமிழ் கழன்றுபோய் வெறும் இரும்புக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியைக் கொறடு வைத்துத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் பார்த்தால் சத்தம் போட்டுத் தடுப்பேன்.

ஆன்டெனா திருகாணிகள் மட்டும் எப்படிப் பாதுகாப்பு? அவற்றுக்கும் சேஸிஸுக்கும் நடுவே சின்னக் கண்டென்சர்களையும் உயர்ந்த மதிப்புள்ள ரெசிஸ்டர்களையும் தயாரித்தவர்களே வைத்திருப்பார்கள். வானலை தாண்டும், மெயின் கரண்ட் தாண்டாது. ஆனால் அந்தக் கண்டென்சர்களுக்கும் வயதாகியிருக்கும். மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகாணிக்கும் சட்டத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் “ம், மாட்டிக்க” என்றார். பெட்டிக்குள் கைவைக்கும் வேலை எதுவானாலும் சுவர் மின்சாரத்திலிருந்து பெட்டியைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்ட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். சீரிஸ் லைட் கட்டியிருக்கிறதே என்று தைரியமாகக் கைவைக்கக் கூடாது. அது மின்சாரத்தின் அளவைத்தான் கட்டுப்படுத்தும், நம்மைப் பிரித்துவைக்காது. வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கும் அப்படித்தான்.

ஆக, பெட்டியைத் தொடாமல், அதற்குத் தெரிந்த வாசல் வழியாக, அதற்குத் தெரிந்த அலையாகவே அனுப்ப வேண்டும். அதற்குத்தான் மாடுலேட்டர். ஏ.வி. உள்ளே போனால், ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் மாதிரி, ஒரு சேனலாக வெளியே வரும்.

நான் முதலில் வாங்கிய மாடுலேட்டர் யு.எச்.எஃப். மட்டும், 21-இலிருந்து 69 வரை. என் பெட்டியோ 12-க்கு மேல் எண்ணத் தெரியாதது. திருப்பிக் கொடுத்துவிட்டு வி.எச்.எஃப்.பும் உள்ளதாக ஒன்று வாங்கினேன். சேனல் எண்ணை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பெட்டி மாதிரி பால்-பி (PAL-B) என்ற ஒளிபரப்பு முறையில் 3-ஆம் சேனல் என்றால் படம் 55.25 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க முறையில் அதே 3-ஆம் சேனல் 61.25. எண் ஒன்று, இடம் வேறு. அதனால் மாடுலேட்டரில் எந்த நாட்டு முறை என்று தேர்வு செய்ய வழி இருப்பது நல்லது.

3-இல் வைத்தேன். குமிழையும் 3-க்குத் திருப்பி, அதைச் சுற்றியிருக்கும் நுண்சரிவளையத்தை (ஃபைன் டியூனிங்) மெதுவாக நகர்த்தினேன். புள்ளிகள் ஒதுங்கி, கோடுகள் சாய்ந்து, நிமிர்ந்து, செய்தி வாசிக்கிற பெண் ஒருவர் திரையில் வந்து நின்றார். முகம் மட்டும் சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

சத்தம் வராததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அனலாக்கில் படத்தின் அலைக்குப் பக்கத்தில், குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் ஒலி அலை உட்கார்ந்திருக்கும். அந்தத் தூரம் முறைக்கு முறை வேறு: சிலதில் 5.5 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 6, கிழக்கு ஐரோப்பாவில் வழங்கியதில் 6.5, அமெரிக்காவில் 4.5. என் பெட்டி 5.5-இல் காது வைத்துக் காத்திருக்கிறது, மாடுலேட்டர் 6.5-இல் பேசிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கதை. மெனுவில் மாற்றியதும் அறை முழுக்கக் குரல் நிறைந்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

படம் இருந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர் வழியாக வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பாக்ஸின் ஒலி அமைப்பு ‘டால்பி’ என்று இருந்தால் பல கன்வெர்ட்டர்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. ‘பி.சி.எம்.’ என்று மாற்றினால் பேசும்.

அடுத்த இரண்டு நாள் சின்னச் சின்னத் தொல்லைகள். மாடுலேட்டரிலிருந்து வருவது உருண்டையான 75 ஓம் கேபிள், பெட்டியின் திருகாணிகள் எதிர்பார்ப்பது பட்டையான 300 ஓம் ஒயர். நடுவே பலூன் என்று ஒரு சின்ன உருப்படி மாட்ட வேண்டும். (ஊதுகிற பலூன் இல்லை.) அது இல்லாமல் ஒயரை நேராக முறுக்கி மாட்டினாலும் படம் வந்தது, ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல் நின்றது. பிறகு திரையில் வெள்ளை எழுத்து வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் உறுமியது. எழுத்து போனால் உறுமலும் போகும். வெள்ளை அளவுக்கு மீறிப்போனால் வீடியோ ஒலிக்குள் கசிந்துவிடும். பாக்ஸின் மெனுவில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கியதும் நின்றது. பெட்டி சூடேறச் சூடேற டியூனர் மெல்ல நகர்ந்துபோகிறது, அதனால் போட்டுக் கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை நுண்சரிவளையத்தைத் தொட வேண்டியிருக்கிறது. இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனசில்லை, வயசு.

சுரைக்காய் முகத்துக்கு வருவோம். இன்றைய படம் 16:9 அகலம், பழைய பெட்டி 4:3. பாக்ஸின் மெனுவில் டிவி வடிவம் 16:9 என்று இருந்தால், அகலப் படத்தை அப்படியே நெருக்கி அனுப்பிவிடும், ஆட்கள் எல்லாம் ஒல்லியாக வளர்ந்துவிடுவார்கள். 4:3 என்று மாற்றிய பிறகு இரண்டு வழி. ஒன்று, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டுவது. கணக்குப் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற 576 கோடுகளில் 432-தான் படத்துக்கு, மிச்சம் கறுப்புக்கு. இன்னொன்று, உயரம் முழுக்க நிரப்பிவிட்டு இரு பக்கமும் வெட்டிவிடுவது. பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்கு போய்விடும். சில பாக்ஸ்களில் நடுவாந்தரமாக 14:9 என்றும் இருக்கும். முகம் பார்க்கிற நிகழ்ச்சிக்கு வெட்டுவதும், விளையாட்டுக்குப் பட்டை விடுவதும் எனக்குச் சரிப்பட்டது.

உயரம் முழுக்க நிரப்பினால் எழுத்துதான் பெரிய நஷ்டம். பிக்சர் டியூப் பெட்டிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே வரையும். விளிம்பின் கோணல் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இன்றைய சேனல்கள் அடிவிளிம்பை ஒட்டி எழுத்தை ஓட்டுகின்றன. நிரப்புகிற அமைப்பில் பார்த்தால், செய்தியில் கீழே ஓடும் வரியின் தலைகள் மட்டும் தெரியும். புள்ளி வைத்த எழுத்தெல்லாம் புள்ளியை மட்டும் காட்டிக்கொண்டு ஓடும். அத்தை அதையும் படித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இன்னொரு வேடிக்கை, கலர் சமிக்ஞை நுண்ணிய புள்ளிக் கோலமாகத் தெரிவது. நல்ல சிவப்புச் சேலை வந்தால் அதன் மேல் பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டிருக்கும். நாலு அடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. பாக்ஸையோ கன்வெர்ட்டரையோ தவறுதலாக அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் வைத்தால் படம் கீழிருந்து மேலாக உருளும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, விநாடிக்கு 50 தடவை வரைகிற பெட்டிக்கு 60 கொடுத்தால் உருளத்தானே செய்யும்? விசேஷம் என்னவென்றால், பின்னால் இருக்கும் வெர்டிகல் ஹோல்டு குமிழைத் திருப்பினால் அதையும் பிடித்து நிறுத்திவிடலாம். விநாடிக்கு வரையும் கோடுகளின் எண்ணிக்கை 15,625-க்கும் 15,734-க்கும் ஒரு சதவீதம் கூட வித்தியாசம் இல்லை என்பதால் பக்கவாட்டில் படம் கலைவதில்லை. உயரம் மட்டும் கொஞ்சம் குட்டையாகும். விளையாட்டுக்குச் செய்து பார்த்தேன், பிறகு பால் (PAL) முறைக்கே மாற்றிவிட்டேன்.

மாடுலேட்டருக்குப் பதிலாகப் பழைய வி.சி.ஆர். ஒன்று இருந்தால் அதுவே போதும். பின்னால் ஏ.வி. உள்ளே, ஆர்.எஃப். வெளியே. உங்கள் பெட்டிக்கு யு.எச்.எஃப். இருந்தால் இதுதான் சுலபம். ஆனால் நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு போட்ட நிகழ்ச்சிகளில் படம் பளிச்சென்று ஏறி, மங்கி, மறுபடி ஏறி மூச்சு வாங்கும். அது பெட்டியின் கோளாறு இல்லை, வி.சி.ஆரைக் குழப்புவதற்கென்றே வைத்த தந்திரம். கலர் பெட்டியில் ஏ.வி. துளையை அதன் தயாரிப்பாளரே வைத்திருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. மஞ்சளை மஞ்சளில் சொருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆன்டெனா பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். டிஜிட்டல் ஆன்டெனா என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. குழாய்க்கு, வருகிற அலை எண்களைச் சுமக்கிறதா படத்தைச் சுமக்கிறதா என்று தெரியாது. அளவுதான் முக்கியம். 55 மெகாஹெர்ட்ஸுக்குப் பாதி அலைநீளம் 2.7 மீட்டர், 500 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 30 சென்டிமீட்டர். தாத்தா காலத்து நீளக் குழாய்கள் இன்றைய யு.எச்.எஃப். ஒளிபரப்புக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம். அனலாக்கில் மழை, காற்று என்றால் படம் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளியடிக்கும், நாம் மாடிக்கு ஏறிக் குழாயைத் திருப்பி “இப்போ? இப்போ?” என்று கத்துவோம். டிஜிட்டலில் கடைசி நிமிஷம் வரை சுத்தமாக இருந்துவிட்டு, கட்டம் கட்டமாக உடைந்து, நின்றுவிடும். அந்தக் கட்டங்களைத் தாத்தாவின் திரையில் முதல்தடவை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாக்ஸின் மெனுவில் சமிக்ஞையின் தரத்தைக் காட்டும் அளவுகோல் இருக்கும், கத்துவதற்குப் பதில் அதைப் பார்த்துத் திருப்பலாம்.

இப்போது குமிழ் நிரந்தரமாக 3-இல் நிற்கிறது. சேனல் மாற்றுவது பாக்ஸின் ரிமோட்டில். பாக்ஸ் சத்தத்தை முக்காலில் வைத்துவிட்டு, ஏற்றி இறக்குவது பெட்டியின் குமிழில். அணைத்தால் படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சில விநாடி நின்று மறைகிறது. வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், அதைத் தடுப்பது தனி வேலை. ஓடும்போது மெல்லிய விசில் கேட்கிறது என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். அது அந்த 15,625. எனக்கும் அத்தைக்கும் கேட்கவில்லை.

போன வாரம் புதிதாக ஒன்று. அரை மணி நேரம் ஓடிய பிறகு படத்தின் அடிப்பக்கம் மெல்லச் சுருங்கி மேலேறி, கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு விழுகிறது. வெர்டிகல் பகுதியில் இன்னொரு கண்டென்சர் போகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார் மெக்கானிக். அத்தைதான் வேண்டாம் என்கிறார். படம் சுருங்கியதில், சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தக் கீழ்வரிச் செய்தி முழுசாக மேலே வந்துவிட்டதாம். “இப்பத்தான் எழுத்து காலோட தெரியுது. ஞாயித்துக்கெழம வர்ற மனுஷன அடுத்த மாசம் வரச் சொல்லு.”